மீனையும் விட வேண்டுமா? யாழ்ப்பாணத்துத் தவக்காலம் பற்றிய விவாத இழை

வாசகர் கேள்வி, 2026 பெப்ரவரி 16

"யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் மச்சம் (மீன், இறைச்சி) விட்டு மரக்கறி உண்பது திருச்சபையின் சட்டம் அல்ல. பக்கத்து வீட்டுச் சைவர்களைப் பார்த்துப் பழகிய வழக்கம் அது. திருச்சபை வெள்ளிக்கிழமையில் இறைச்சியைத்தான் விலக்குகிறது, மீனை விலக்கவில்லை. அப்படியிருக்க, கடற்றொழிலாளர் குடும்பங்களே மீனைத் தொடாமல் இருப்பதில் விசுவாசம் எங்கே இருக்கிறது?"

பெப்ரவரி 17

சட்டம் பற்றி நீங்கள் எழுதியது சரி. 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் கொண்டுவந்த ஒழுங்கும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் நம்மிடம் கேட்பது மிகக் கொஞ்சம். 14 வயது நிறைந்தவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கிச் சுத்தபோசனம் காக்க வேண்டும். 18 வயது நிறைந்தவர்கள், 60ஆவது வயது தொடங்கும்வரை, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரு முழுச் சாப்பாட்டோடு, இருக்க வேண்டும். மீன், நண்டு, இறால், கணவாய் எதுவும் இந்தச் சட்டத்துக்குள் அகப்படாது. ஆகவே பெரிய வெள்ளி மதியம் முருங்கையிலை போட்ட நண்டுக் கறியோடு வயிறு நிறையச் சோறு உண்டவர், சட்டப்படி எந்தக் குற்றமும் செய்யாதவர். ஒருசந்தியிலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு இடம் இருப்பதால் அந்தப் பக்கத்தாலும் அவரைப் பிடிக்க முடியாது. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் ஊரான குருநகரில் பிறந்து வளர்ந்த நான் இதைச் சிரிக்காமல் எழுத முயல்கிறேன்.

ஆனால் "சைவர்களைப் பார்த்துப் பழகியது" என்ற முடிவுக்கு அவ்வளவு விரைவாகப் போய்விட முடியாது. மீனை விலக்கும் நோன்பு கிறிஸ்தவத்துக்குள்ளேயே மிகப் பழையது. ஓர்த்தடொக்ஸ் திருச்சபையினர் பெருநோன்பில் இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்குகிறார்கள். கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை அறிவிக்கப்பட்ட திருநாளிலும் குருத்து ஞாயிறிலும் மட்டும் மீனுக்கு அனுமதி உண்டு. கடலோரத்திலேயே வாழ்கிற கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் ஐம்பது நோன்பும் மரபுப்படி மீனை விலக்குவதுதான். மேற்குத் திருச்சபையிலும் 13ஆம் நூற்றாண்டில் அக்குவினா தோமையார் எழுதிய நாளில் முட்டையும் பாற்பொருள்களும் தவக்காலத்துக்கு ஆகாதவையாகவே இருந்தன. பின்னர் ஒவ்வொன்றாகத் தளர்ந்து இறைச்சி மட்டும் எஞ்சியது. எனவே குருநகரிலும் பாசையூரிலும் மீனை விடுகிறவர் யாருடைய வீட்டுச் சமையலறையையும் எட்டிப் பார்த்துப் பழகினார் என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை.

சைவச் சூழலின் பங்கு அறவே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை என்றாலே ஊர் முழுவதும் மரக்கறி என்ற இடத்தில், மச்சம் விடுவது சமையலுக்கும் சந்தைக்கும் இலகுவானது. ரோமாபுரிச் சட்டத்தைக் காட்டிலும் அயல்வீட்டுச் சட்டிபானை நம்மை அதிகம் தாங்கியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன?

பெப்ரவரி 18, இரவு

இன்று காலைத் திருப்பலி முடிந்து கொக்குவிலுக்குத் திரும்பும்போது, நெற்றியில் சாம்பலோடு மரக்கறிக் கடைக்குப் போனேன். அங்கே நின்ற அயல்வீட்டு அம்மா, "என்ன ரீச்சர், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சிவராத்திரி, இண்டைக்கு உங்களுக்கு விபூதியோ?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன்னே கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

ரொறன்ரோவிலிருந்து எழுதும் அன்பர், தம் வேலைத்தலத்தில் ஒருவர் "நெற்றியில் ஏதோ அழுக்கு" என்று கடதாசி நீட்டிய கதையை எழுதியிருக்கிறார். விபூதிப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரம், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், மற்றவர் பார்க்க நோன்பிராதே என்று கட்டளையிடுகிறது. அதை வாசித்து முடித்த கையோடு குருவானவர் நம் நெற்றியில் சாம்பலைப் பூசுகிறார். இந்த முரண்பாடு அவரை உறுத்துகிறதாம். யாழ்ப்பாணத்தில் அது உறுத்துவதில்லை, ஏனெனில் இங்கே பூசிய நெற்றிகள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தெருவில் போகின்றன. எவரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே சாம்பலால் இங்கே பெருமை தேட வழியில்லை. பெருமை தேட விரும்புகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: "நான் நாற்பது நாளும் மச்சம் தொடுறேல்லை" என்ற அறிவிப்பு. கலியாண வீடு, அந்தியேட்டி வீடு, அலுவலகத்து மதியச் சாப்பாடு என்று எங்கும் இந்த அறிவிப்பைக் கேட்கலாம். கழுவ வேண்டிய முகம் நம் ஊரில் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெப்ரவரி 20

இன்றைய முதல் வாசகம் எசாயா 58. நோன்பிருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கேட்க, நோன்பு நாளிலேயே நீங்கள் உங்கள் இலாபத்தைத் தேடுகிறீர்கள், உங்கள் வேலையாட்களை வருத்துகிறீர்கள் என்று கடவுள் திருப்பிக் கேட்கும் பகுதி அது. நான் சிறு வயதிலிருந்து கேட்டுவரும் வாசகம். ஆனால் ஆசிரியத் தொழிலுக்கு வந்து, மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்க முற்பட்டபோதுதான் இது எங்கள் இறங்குதுறையைப் பற்றியது என்று பிடிபட்டது.

அப்பா கடற்றொழிலுக்குப் போனவர். விடியற்காலையில் வள்ளம் வந்து சேர்ந்ததும் மீனைக் கரையில் கொட்டிக் கூறுவார்கள், அதாவது ஏலம் விடுவார்கள். மற்ற நாட்களில் கூறுகிறவரின் குரலுக்கு மேலே குரல் வைத்து விலை ஏறும். வெள்ளிக்கிழமைகளில் சைவ வீடுகள் வாங்காது என்பதால் வழக்கமாகவே விலை இறங்கும். தவக்காலத்து வெள்ளிகளில் கத்தோலிக்க வீடுகளும் வாங்காது என்பதால் கூறுகிறவர் ஒரே விலையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்பார். விளைமீனும் பாரையும் எப்படியோ கொழும்புக்கு ஏற்றப் போய்விடும். சூடை, கீரி போன்ற சிறுமீன்கள் கிடந்துவிடும். அவற்றை அம்மா ஓலைப்பாயில் பரப்பி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உப்புக் கல்லைத் திணித்து அடுக்குவார். விரல் நுனியில் இருந்த வெடிப்புக்குள் உப்பு இறங்கும்போது அவர் கையை உதறுவது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வீட்டிலும் அன்று மீன் கறி இல்லை. விற்க முடியாத மீனுக்கு நடுவில் இருந்துகொண்டு பருப்பும் சோறும் சாப்பிட்டோம்.

அந்தக் கரையில் ஒரு வியாபாரி இருந்தார். எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கு வலைக்கும் இயந்திரத்துக்கும் அவர்தான் முற்பணம் கொடுத்தவர். அதனால் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்வதே விலை. தவக்காலத்தில் அவரைவிடக் கடுமையாக நோன்பிருந்த ஒருவரை நான் கண்டதில்லை. வெள்ளி மாலைச் சிலுவைப்பாதையில் சிலுவைக்கு அடுத்தபடியாக நடப்பவரும் அவரே. அதே வெள்ளி காலையில், "இண்டைக்கு ஆர் வாங்கப் போகினம்" என்று சொல்லி அரை விலைக்கு மீனை எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து, சனிக்கிழமை முழு விலைக்குக் கொடுப்பார். அவர் தீயவர் என்று சொல்ல வரவில்லை. எசாயா யாரைப் பார்த்துப் பேசினார் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டபோது, எனக்கு அவர் முகம்தான் வந்து நின்றது.

கேள்வி கேட்டவர் மீனை விடுவது விசுவாசமா, ஊர் வழக்கமா என்று கேட்டார். எனக்கு அதைவிட வேறு கேள்வி முக்கியமாகப்படுகிறது: ஒருவர் நோன்பிருக்கும்போது அதன் செலவை யார் கொடுக்கிறார்?

பெப்ரவரி 22

ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டிறைச்சி உண்ணலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். விபூதிப் புதன் முதல் பெரிய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அதில் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் ஆகையால் அன்று நோன்பு இல்லை. எனவே உண்ணலாம். உங்கள் மாமியார் விடுவாரா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

மார்ச் 2

"நோன்பு ஆன்மீகம் சார்ந்தது, ரீச்சர் அதை மீன்சந்தைக் கணக்காக்கிவிட்டார்" என்று ஒரு குறை வந்திருக்கிறது. மன்னாரிலிருந்து எழுதிய அன்பரோ நேர் எதிராக, "இன்னும் சொல்லுங்கள், கடலையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்கிறார். இரண்டுக்கும் சேர்த்துக் கச்சதீவைப் பற்றிச் சொல்கிறேன்.

கச்சதீவு அந்தோனியார் திருவிழா பெரும்பாலும் தவக்காலத்துக்குள்ளேயே வரும். குறிகாட்டுவானிலிருந்து படகேறிப் போனால், குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத, எவரும் குடியிருக்காத அந்தத் தீவில், ஆண்டில் இரண்டு நாள் மட்டும் இராமேசுவரத்தவரும் யாழ்ப்பாணத்தவரும் ஒன்றாகத் தங்குவார்கள். 1974இல் இரு அரசுகளும் செய்த உடன்படிக்கைக்குப் பிறகு தீவு இலங்கைப் பக்கம். முதல் நாள் மாலையில் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும், மறுநாள் காலையில் திருவிழாத் திருப்பலியும் நடக்கும்.

நான் போயிருந்த ஆண்டில், சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில், சிரேனே ஊர்ச் சீமோன் சிலுவை சுமக்க உதவிய இடத்தில், எனக்கு முன்னால் ஒரு நெடுந்தீவுத் தொழிலாளியும் இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துத் தொழிலாளி ஒருவரும் தோளோடு தோள் முழந்தாளிட்டிருந்தார்கள். செபம் முடிந்து எழுந்தபோது, நெடுந்தீவுக்காரர் மிகவும் சாதாரணமான குரலில், "அண்ணை, உங்கட ஆக்கள் போன மாதம் என்ர வலையை அறுத்துக்கொண்டு போட்டினம்" என்றார். மற்றவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் விசைப்படகுல கூலிக்குத்தான்யா போறேன், ஓனர் சொல்ற எடத்துலதான் மடி போடணும்" என்றார். அதற்குள் ஆறாம் தலத்துக்குக் கூட்டம் நகர்ந்துவிட்டது, இருவரும் அதோடு நடந்தார்கள்.

கடலடியை வாரி இழுக்கும் வலையால் மீன் பிடிக்கும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. தடை இருந்தும் தமிழ்நாட்டுப் படகுகள் வருகின்றன, பிடிபடுகின்றன, பிடிபட்டவர்கள் சிறைக்குப் போகிறார்கள். 2024இல் அந்தக் கைதுகளை எதிர்த்து இராமேசுவரத்தவர்கள் திருவிழாவையே புறக்கணித்தார்கள். இப்படியிருக்க, வலை அறுந்தவனும் அறுத்த படகின் கூலியாளும் ஒரே சிலுவைப்பாதையில் நடக்கும்போது, "இது ஆன்மீகம், இது சந்தைக் கணக்கு" என்று எங்கே கோடு கீறுவது? எனக்குத் தெரிந்து எசாயா கீறவில்லை.

மார்ச் 9

நேற்று, தவக்காலத்து மூன்றாம் ஞாயிறில், சமாரியப் பெண்ணின் நற்செய்தி. மூன்றாண்டு வாசகச் சுற்றில் இது முதலாம் ஆண்டு ஆகையால் அடுத்தடுத்துப் பிறவிக் குருடனும் இலாசரும் வருவார்கள். மூன்றுமே யோவானின் நீண்ட நற்செய்திகள், நின்றபடியே கேட்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே ஒறுத்தல்.

மறையுரையில் வழக்கம்போல "உயிருள்ள தண்ணீர்" பற்றி விரிவாகச் சொன்னார்கள். கிணற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிய கிணறுதான் நம் முழு வாழ்வும். அந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்பதும் நம் வரலாறு. கிணற்றுக்கட்டில் ஏற விடப்படாமல், யாரேனும் இரங்கி அள்ளி ஊற்றும்வரை வெறுங்குடத்தோடு வெயிலில் காத்து நின்ற பெண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். யோவான் 4இல் வரும் பெண்ணும் நண்பகலில் தனியாக வருகிறாள். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளரே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அங்கே தண்ணீர் கேட்கிறவர் இயேசு. அள்ளுவதற்கு வாளி இல்லாதவரும் அவரே. தீண்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பாத்திரத்திலிருந்து குடிக்க அவர் கேட்கிறார்.

"கோவிலுக்குள் சாதி ஒதுக்கல் எதுவும் இருந்ததில்லை, அது சைவர்களின் சிக்கல்" என்று ஓர் அன்பர் உறுதியாக எழுதியிருக்கிறார். ஐயா, ஆலயத்தில் யார் எந்தப் பக்கம் இருப்பது, யார் சொரூபத்தைச் சுமப்பது, யாரை எந்தச் சேமக்காலையில் அடக்குவது என்பவற்றை உங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என் பாட்டி சொன்னார். சுத்தபோசனத்தை உரோமம் அளவும் பிசகாமல் காத்த அதே ஆட்கள்தான் அதையும் காத்தார்கள்.

மார்ச் 11

பாட்டியின் கூற்றை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்கிறார் அதே அன்பர். அவருடைய "எதுவும் இருந்ததில்லை" என்பதற்கு யாருடைய பாட்டி ஆதாரம் என்று அவர் சொல்லவில்லை. இதை இதோடு விடுகிறேன்.

மார்ச் 15

இயேசுவின் பாடுகளைப் புலம்பிப் பாடும் வியாகுல பிரசங்கம் பற்றிய கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. "இந்த ஒப்பாரி எதற்கு? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு உயிர்ப்பையே முதன்மைப்படுத்த வேண்டும், ஒன்றரை மணிநேரம் அழுது புலம்புவது பழைய காலத்து மனநோய்" என்று ஒரு இளைஞர் எழுதியிருக்கிறார்.

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தது 1687இல். சில்லாலையில் அவர் தங்கியிருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குரு இல்லாத ஊர்களில் விசுவாசம் எப்படி நின்றது? திருப்பலி நிறைவேற்ற ஆள் இல்லை. ஆனால் செபமாலை சொல்லவும், சிலுவையைச் சுற்றி இருந்து புலம்பவும், வாயைக் கட்டி நோன்பிருக்கவும் குரு தேவையில்லை. மூப்பரும் அண்ணாவியாரும் வீட்டுப் பெண்களும் போதும். பின்னர் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வியாகுல பிரசங்கத்தை எழுதியபோது, ஏற்கெனவே பொதுமக்களின் கையில் இருந்த ஒன்றுக்கு நல்ல தமிழ் கொடுத்தார் என்றே நான் நினைக்கிறேன். நம்முடைய தவக்காலம் இன்றும் பீடத்தைவிடக் குசினியிலும் முற்றத்திலும் அதிகம் நடக்கிறது என்றால் அதற்கு இது ஒரு காரணம்.

என் பெரியம்மா அதைப் பாடுவார். பாடம் அவருக்கு மனனம் என்றாலும், பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் யாரோ எழுதிக் கொடுத்த பிரதியை மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். கண் அதில் இராது. சிலுவையடியில் மாதா நிற்கும் பகுதி வந்ததும் குரல் மெல்ல இறங்கி, வசனம் நின்று, வெறும் இழுப்பாக மாறும். 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மீது குண்டு விழுந்தது. அதற்கடுத்த ஆண்டுகளின் தவக்காலங்களில், அந்தப் பகுதியை அவர் பாடும்போது சுற்றியிருந்த பெண்கள் எந்தப் பிள்ளைக்காக அழுதார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே அழுதால் ஏன் அழுகிறாய், யாருக்காக அழுகிறாய் என்று கேட்கப்பட்ட காலம் அது. உயிர்ப்பை முதன்மைப்படுத்துங்கள், நான் மறுக்கவில்லை. அழ இடம் கொடுக்காமல் அதை எப்படி முதன்மைப்படுத்துவது என்று தம்பி யோசிக்க வேண்டும்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் முழுமையாக ஏற்கிறேன். பழைய பாஸ்கா நாடகங்களிலும் புலம்பல்களிலும் "யூதர்" என்று ஓர் இனத்தின் தலையில் முழுப் பழியையும் ஏற்றும் வழக்கம் இருந்தது. 1965இல் உலக ஆயர்களின் பேரவையான அதே வத்திக்கான் சங்கம் அதைத் தெளிவாக விலக்கியது: அன்றிருந்த யூதர் அனைவர் மீதோ இன்றிருப்போர் மீதோ அந்தப் பழியைச் சுமத்த முடியாது. ஒரு யூதரையேனும் கண்ணால் காணாத ஊரில், பிள்ளைகள் நாடகம் முடிந்ததும் தெருவில் யூதருக்கு அடிப்பதாக விளையாடியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிகளைத் திருத்திப் பாடுவதால் புலம்பலுக்கு ஒரு குறையும் வராது.

மார்ச் 21

பெப்ரவரி 20இல் எழுதியதைத் திரும்ப வாசித்துவிட்டு, "அப்படியானால் மீனை வாங்கிச் சாப்பிடுவதுதான் நோன்பா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டு.

மரக்கறித் தவக்காலம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மீனுக்குப் பதிலாகச் சோயாமீற் வருகிறது. அதை இறைச்சித் தூள் போட்டு, பெருஞ்சீரகம் தாளித்து, கண்ணை மூடிக்கொண்டால் ஆட்டுக்கறி என்று நினைக்கும்படி சமைக்கிறார்கள். வெள்ளி இரவுகளில் நகரத்துச் சைவக் கடைகளில் மசாலாத் தோசைக்குக் காத்திருப்போரில் பாதிப்பேர் சிலுவைப்பாதையிலிருந்து நேரே வந்தவர்கள். (நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், சட்னி நன்றாக இருந்தது.) ஒடியல் கூழைக்கூட மீன் இல்லாமல், பலாக்கொட்டையும் பயற்றங்காயும் கூட்டிப் போட்டு, வழக்கத்தைவிட இன்னும் ஒரு கோப்பை குடிக்கும்படி ஆக்கிவிட்டோம். மீன்காரிக்குப் போயிருக்க வேண்டிய காசு தோசைக் கடைக்குப் போகிறது. நம் வயிற்றுக்கு எந்த நட்டமும் இல்லை, நட்டம் கடற்கரைக்கு மட்டும்.

எனவே என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், பின்பற்றச் சொல்லவில்லை. மீனை விடுகிறோம். அந்த வாரம் மீனுக்கு என்று போகும் காசை அப்படியே எடுத்து வைத்து, பங்கில் கொடுக்கும் தவக்கால உண்டியல் பெட்டிக்குள் பாதியும், மீதியை, எங்களுக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிற அம்மாவின் கையிலும் கொடுக்கிறோம். முதல் தடவை அவர் வாங்கவில்லை. "மீன் தராமல் காசு வாங்குறதோ, நான் என்ன பிச்சைக்காறியே?" என்று கோபித்துக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார். அவர் கோபம் முற்றிலும் நியாயமானது. இப்போது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு தரப்போகும் மீனுக்கு முற்பணம் என்று சொல்லிக் கொடுக்கிறோம், வாங்குகிறார். முற்பணத்தை வைத்து விலையைக் குறைத்த அந்த வியாபாரியின் வழியைத் தலைகீழாகத் திருப்பியதில் எனக்கு ஒரு சின்னக் குரூர மகிழ்ச்சியும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன்.

இதிலும் ஓட்டை உண்டு. மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு இது இலகு. அன்றாடம் உழைத்து உண்பவருக்கு ஆண்டின் பாதி நாளும் ஒருசந்திதான். அவருக்குத் தவக்கால ஆலோசனை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 29

குருத்து ஞாயிறு. ஓலையை வீட்டில் என்ன செய்வது என்று கேட்டவருக்கு: சிலுவையாகப் பின்னிப் படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள், அடுத்த ஆண்டு பங்கில் கேட்கும்போது கொண்டுபோய்க் கொடுங்கள், விபூதிப் புதனுக்கு எரிப்பது அதைத்தான். குப்பையோடு போடாதீர்கள்.

ஏப்ரல் 4, பெரிய சனி

நேற்று மதியம் குருநகரில் என் பழைய பங்கில் கஞ்சி. பச்சையரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பெரிய கிடாரத்தில் காய்ச்சியது. பழைய கணக்குப்படி ஆலயத்தின் ஒரு பக்கத்தவர் ஒரு வரிசையிலும் மறு பக்கத்தவர் மற்ற வரிசையிலும் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வேம்பின் நிழலில் ஒரே குவியலாக நின்றார்கள். வெயிலுக்கு நன்றி.

கடலில் ஒரு வள்ளமும் இல்லை. வியாழன் இரவிலிருந்து ஆலய மணி அடிக்காததால் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு பையன்கள் ஒழுங்கைகளில் ஓடினார்கள். மாலை வழிபாட்டுக்குப் பிறகு ஆசந்தி எனும் பாடையில் திருவுடல் சொரூபம் ஊரைச் சுற்றி வந்தது. பாடியவர்கள் இளையவர்கள், பெரியம்மாவின் இராகம் பாதி தப்பியிருந்தது, ஆனால் பாடினார்கள்.

திருப்பாடுகளின் காட்சி பற்றிக் கேட்ட மட்டக்களப்பு அன்பருக்கு: யாழ்ப்பாணத்தில் அதை ஒரு கலையாக வளர்த்தது 1965இல் நீ. மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம். போர்க்காலத்திலும் தவக்காலந்தோறும் மேடை ஏற்ற முயன்றார்கள், பார்வையாளரில் பெரும் பகுதி சைவர்கள். என் அயல்வீட்டு அம்மா இதுவரை ஒரு திருப்பலிக்கும் வந்ததில்லை, ஆனால் பேதுரு மறுதலிக்கும் காட்சியில் யார் நன்றாக நடித்தார் என்று ஆண்டு வாரியாகச் சொல்லுவார். முதல் கேள்வி கேட்டவர் சைவரிடமிருந்து நாம் எடுத்ததைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார். கொடுத்ததையும் எடுத்ததையும் பிரித்துக் காட்டுவது இந்த ஊரில் அவ்வளவு எளிதல்ல.

ஏப்ரல் 9

"நாளை வெள்ளிக்கிழமை. தவக்காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் ஆண்டின் எல்லா வெள்ளிகளும் ஒறுத்தல் நாட்கள் என்று சட்டம் சொல்கிறதே, நாளை என்ன செய்வது?" என்று கடைசியாக ஒரு கேள்வி.

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பெருவிழாவாக வரும் வெள்ளியில் சுத்தபோசனக் கடமை இல்லை, உயிர்த்த ஞாயிறு தொடங்கி எட்டு நாட்களான உயிர்ப்பு எண்கிழமையின் எல்லா நாட்களும் பெருவிழாக்களாகவே கொண்டாடப்படுகின்றன. ஆகவே நாளை இறைச்சியும் உண்ணலாம். நாளைய நற்செய்தி யோவான் 21: இரவு முழுவதும் ஒன்றும் அகப்படாமல் வந்தவர்களுக்கு, உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு சாப்பிட வரச் சொல்கிறார், வலையில் 153 பெரிய மீன்கள்.

எங்கள் மீன்கார அம்மாவிடம் முற்பணக் கணக்கில் நாளைக்கு விளைமீன் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை என்பதால் விலை குறைத்துத் தருகிறேன் என்றார். குறைக்க வேண்டாம் என்றேன். அதற்கும் கோபித்துக்கொண்டார்.